பனியும் புல்லும் உடைமையும்

வட அமெரிக்காவின் குளிர்ப்பிரதேச நகரங்களில் வீடுடையோர்க்கு இரண்டு கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. மாரிக் காலத்திலே தத்தம் வாசலுக்கு எதிரே நடைபாதையிற் குவியும் பனியை அவர்கள் அள்ளி அகற்றுதல் வேண்டும். கோடை வந்ததும், வளவிலே முளைத்த புல் குறித்த உயரத்துக்கு மேல் வளராதபடி வெட்டுதல் வேண்டும். தவறுவோர் தண்டப்பணம் செலுத்துவர். சில நகரசபைகள் தம் ஆட்களை அனுப்பி வேலையைச் செய்வித்த பின், அதற்கான செலவைச் சோலைவரியோடு சேர்த்து அறவிட்டுக்கொள்ளும்.

இத்தகைய துணைவிதிகளை வரலாற்று மாணவர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அரசியல் யாப்புகளையும் உரிமைப் பிரகடனங்களையும் ஆராய்வதற்கே நமக்குப் பயிற்சி தரப்பட்டிருக்கிறது. எனினும் ஒரு சமுதாயம் தன் அரசியல் யாப்பிலே கூறத் தயங்குவதை நகரசபையின் துணைவிதியிலே கூச்சமின்றிக் கூறிவிடுவதுண்டு. பொதுவழியைப் பேணும் உழைப்பு யாரைச் சார்ந்தது? தனியார் வளவிலே எது வளரலாம் என்பதை யார் தீர்மானிப்பது? இவ்விரு வினாக்களுக்கும் அந்நகரங்கள் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளாக அளித்துவந்த விடைகளை ஒன்றாக வைத்து நோக்கும்போது விந்தையானதொரு முரண்பாடு புலப்படுகின்றது. பொதுவழியாகிய நடைபாதையைத் தனியார் பேணவேண்டும். தனியார் உடைமையாகிய முற்றத்தைப் பொது அதிகாரம் கட்டுப்படுத்தும். இது எங்ஙனம் நேர்ந்தது என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

பனி என்றதும் நம் மனத்திலே தோன்றுவது மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. ஈண்டு நாம் குறிப்பது அதுவன்று. ஓரிரவில் முழங்கால் அளவுக்குப் பொழிந்து, மறுநாட் பகலிற் சிறிது உருகி, இரவிலே மீண்டும் கல்லாய் இறுகும் வெண்பனி அது. அதன்மேல் நடக்கும் முதியவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியும், நடக்க இயலாதோரின் சக்கர நாற்காலியும் அதனைக் கடக்கமாட்டா. ஆகவே அந்நாடுகளிலே பனியகற்றல் என்பது அழகு கருதிய வேலையன்று. நடமாடும் உரிமையே அதிலே தங்கியிருக்கிறது.

பொஸ்ரன் நகரம் தன் குடிகளுக்கு இக்கடமையை விதித்தபோது அதனை எதிர்த்து வழக்கொன்று எழுந்தது. கொடார்ட் என்பவரின் மனு என அறியப்படும் அவ்வழக்கு 1835 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் மேல்நீதிமன்றின் முன் வந்தது. பொதுவீதியின் ஒரு பகுதியைத் துப்புரவு செய்யுமாறு சிலரை மாத்திரம் வற்புறுத்துவது முறையோ என்பதே வினா. பிரதம நீதியரசர் லெமுவேல் ஷோ, துணைவிதி செல்லும் எனத் தீர்த்தார். இது வரியன்று, நகரின் ஒழுங்கு காக்கும் விதி என்றார். வீட்டுக்காரருக்கு அந்நடைபாதையில் மற்றையோர்க்கில்லாத தனி நன்மை உண்டு. நிலவறைக் கதவும், படிக்கட்டும், விறகு கொண்டுவரும் வழியும் அதனோடு இணைந்தே அமைகின்றன. அருகிலிருப்பவராதலால் வேலையை விரைந்து முடிக்கக்கூடியவரும் அவரே என்பன அவர் காட்டிய நியாயங்கள்.

இவற்றிலே உண்மை சிறிதும் இல்லையென்று நாம் கூறவரவில்லை. பொறிகள் தோன்றாத காலத்தில், நகரம் முழுவதிலும் ஒரே காலையில் பனியை அள்ளவல்ல கரங்கள் வீட்டுக்கு வீடு இருந்த கரங்களே. அயலவர் நடப்பதற்கு வழிசெய்து வைப்பது நல்ல பண்புமாகும். ஆனால் பண்பு வேறு. தண்டனைக்கு அஞ்சி, ஊதியமின்றி, பொதுச் சொத்திலே செய்யும் வேலை வேறு. இவ்வேறுபாட்டை இலினோய் மாநில நீதிமன்று தெளிவாகக் கண்டது. ப்ளூமிங்ரன் நகருக்கு எதிராகக் கிறிட்லி என்பவர் தொடுத்த வழக்கிலே, 1878 இல், அது பொஸ்ரன் தீர்ப்புக்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. நடைபாதை வீதியின் ஒரு கூறு. அதிலே அருகிலிருக்கும் வீட்டுக்காரருக்குள்ள உரிமை வழிப்போக்கருக்குள்ள உரிமையினும் மேலானதன்று. ஆகையால் அதனைப் பேணும் செலவு பொதுவரியிலிருந்தே வருதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. நியூ ஹாம்ப்ஷயர் நீதிமன்று 1898 இல் இதே வழியிற் சென்றது. நியூயோர்க் மாநிலத்து நீதிமன்றோ 1890 இல் பொஸ்ரனின் பக்கம் சாய்ந்தது. ஈற்றில் நிலைத்ததும் பொஸ்ரன் கொள்கையே. நகரசபைகளுக்கு அது செலவற்ற கொள்கையாயிருந்தமை அதற்கொரு பெருங்காரணம் என நாம் கருதுகிறோம்.

இங்கே சட்டத்தின் நுட்பமொன்றைக் கவனித்தல் தகும். பனியை அள்ளாத வீட்டுக்காரர் நகரத்துக்குத் தண்டம் செலுத்துவார்; ஆனால் அப்பனியில் வழுக்கி விழுந்து கால் முறிந்த வழிப்போக்கர் அவரிடம் நட்டஈடு கேட்கமுடியாது. வீட்டுக்காரரின் கடமை நகரத்துக்கு உரியதேயன்றி நடப்பவருக்கு உரியதன்று என 1874 இல் மேரிலாண்ட் நீதிமன்று கூறியது. பிற மாநிலங்களும் நெடுங்காலம் அவ்வாறே கொண்டன. விதி யாருக்காக இயற்றப்பட்டது என்று சொல்லப்பட்டதோ அவர் விதியின் கணக்கிலேயே இல்லை! நியூயோர்க் நகரிலே இந்நிலை 2003 ஆம் ஆண்டில்தான் மாற்றப்பட்டது. அதுவும் நகரத்தின் தலைமேலிருந்த நட்டஈட்டுப் பாரத்தை வீட்டு உடைமையாளர்மீது இறக்கிவைக்கும் பொருட்டே. உரிமையாளர் தாமே குடியிருக்கும் சிறிய வீடுகளுக்கு மாத்திரம் விலக்களிக்கப்பட்டது. பனிப்பொழிவு நின்று 4 மணித்தியாலத்துக்குள் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்பது அந்நகரின் விதி. இரவு 9 மணி தொடக்கம் காலை 7 மணி வரையிலான நேரம் இக்கணக்கிற் சேராது.

வீதியின் நடுப்பகுதிக்கு நேர்ந்த கதை வேறு. 1888 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பெரும் பனிப்புயலொன்று அமெரிக்காவின் கீழைக்கரையைத் தாக்கியது. நியூயோர்க்கிலே 20 அங்குலத்துக்கு மேல் பனி பொழிந்தது. காற்று அதனை வீட்டுக் கூரையளவுக்குக் குவித்தது. தந்திக் கம்பிகள் அறுந்தன. மேம்பாலப் புகையிரதங்கள் நடுவழியில் நின்றன. கரையோரம் எங்கணும் ஏறக்குறைய 400 பேர் மாண்டனர். அவருள் 200 பேர் வரை நியூயோர்க் நகரத்தவர். அந்தப் பனியை அள்ளியவர்கள் யார்? அன்றாடக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஏழைகள். பெரும்பாலும் இத்தாலியிலிருந்து புதிதாய் வந்திறங்கியோர். வேலையற்றோர்க்குப் பனி ஒரு கொடையாயிருந்த கொடுமையை என்னென்பது!

1895 இல் அந்நகரின் வீதித் துப்புரவு ஆணையாளராக ஜோர்ஜ் வேறிங் நியமனம் பெற்றார். உள்நாட்டுப் போரிலே படைத்தலைவராயிருந்த அவர், கட்சிக்காரரின் எடுபிடிகள் நிறைந்திருந்த அத்திணைக்களத்தை ஒழுங்கான தொழிற்படையாக மாற்றினார். வெள்ளுடை தரித்த அவருடைய துப்புரவுத் தொழிலாளர் செல்வர் வீதிகளோடு நில்லாது சேரிகளின் சந்துகளையும் கூட்டினர். துப்புரவு என்பது நகரம் முழுவதற்கும் உரிய பொதுப்பணி என்ற எண்ணம் வேரூன்றியது. வேறிங் 1898 இல் ஹவானாவுக்குச் சென்று திரும்பி மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். அவருடைய எண்ணமோ வீதியின் நடுப்பகுதியோடு நின்றுவிட்டது. பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. பனியைத் தள்ளும் கலப்பை பூட்டிய வாகனங்கள் பொதுப்பணத்தில் வாங்கப்பட்டன. அவை வீதியிலுள்ள பனியை ஓரத்துக்குத் தள்ளின. ஓரத்திலே இருந்தது நடைபாதை. மோட்டார் வண்டி வைத்திருப்பவரின் வழி பொதுப்பணத்தால் துப்புரவாகியது. கால்நடையாகப் பாடசாலைக்கும் தொழிற்சாலைக்கும் செல்வோரின் வழி வீட்டுக்காரரின் சவளையும் நல்லெண்ணத்தையும் நம்பியிருந்தது.

பொதுப்பணமும் எல்லாருடைய வீதிக்கும் ஒரேயளவிற் செல்லவில்லை. 1969 பெப்ரவரியில் நியூயோர்க்கைத் தாக்கிய புயலின் பின் குயீன்ஸ் பகுதியின் வீதிகள் பல நாள்களாகப் பனியால் மூடுண்டு கிடந்தன. இறந்த 42 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்பகுதியினர். நகரபிதா ஜோன் லின்சேக்குக் கண்டனத் தந்தி அனுப்பியோருள் ஐக்கிய நாடுகள் சபையின் உயரதிகாரியும் நோபல் பரிசு பெற்ற கறுப்பின அறிஞருமாகிய ரால்ஃப் பன்ச்சும் ஒருவர். பத்தாண்டின் பின், 1979 ஜனவரியில், சிக்காகோவிலே நேர்ந்தது இன்னும் வெளிப்படையானது. பனியால் நகரம் நிலைகுலைந்த வேளையில் மேம்பாலப் புகையிரதங்களை விரைவாக ஓட்டும்பொருட்டுச் சில நிலையங்களில் நிறுத்தாமற் செல்லும்படி கட்டளை பிறந்தது. நிறுத்தப்படாத நிலையங்கள் கறுப்பின உழைப்பாளர் வாழ்ந்த பகுதிகளிலே இருந்தன. வேலைக்குச் செல்லக் குளிரில் நின்றவர்களின் கண்முன்னே, புறநகரிலிருந்து வந்த வண்டிகள் நில்லாது சென்றன. அடுத்த மாதம், பெப்ரவரி 27 இல், கட்சியின் வேட்பாளர் தெரிவுத் தேர்தலில் நகரபிதா மைக்கல் பிலாண்டிக் தோற்றார். ஜேன் பேர்ண் வென்றார். பல்லாண்டுகளாக அந்நகரை ஆண்ட கட்சி இயந்திரத்தைக் கறுப்பின மக்களின் வாக்கு அன்று அசைத்தது. பனியைக் காரணமாகக் கூறும் வரலாற்றாசிரியர் பலர். பனி யாருடைய வாசலில் விடப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும்.

இனி, கோடைக்கும் புல்லுக்கும் வருவோம். நடைபாதையிலே கைகட்டி நின்ற நகரசபை வேலியைத் தாண்டி வளவுக்குள்ளே வந்துவிடுகிறது.

ஒட்ட வெட்டிய புற்றரை ஆதியில் இங்கிலாந்தின் நிலப்பிரபுக்களுடையது. உணவு விளைவிக்க வேண்டாத நிலம் எனக்குண்டு என்று ஊருக்குக் காட்டும் செல்வச் செருக்கு அதிலே இருந்தது. அதனை வெட்ட ஆடுகளும் அரிவாள் பிடித்த கூலியாட்களும் தேவைப்பட்டனர். 1830 இல் குளொஸ்ரர்ஷயரைச் சேர்ந்த எட்வின் படிங் என்பவர் புல்வெட்டும் பொறியை ஆக்கினார். துணியாலையிலே கம்பளித் துணியின் மயிரைச் சீராகக் கத்தரிக்கும் இயந்திரத்தைக் கண்டே அவருக்கு அவ்வெண்ணம் பிறந்தது. ஆலைத் தொழிலாளியின் கருவி, பிரபுவின் தோட்டத்தை நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டச் செய்தது. 1870 இல் அமெரிக்கரான பிராங்க் ஸ்கொற், புறநகர் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்துவது பற்றிப் பெருநூலொன்று எழுதினார். வேலியிட்டுத் தோட்டத்தை மறைப்பது அயலவர்க்கு அடாத செயல் என்பது அவர் கருத்து. வீடுகளுக்கு முன்னாற் புற்றரை இடையீடின்றி நீளவேண்டும் என்றாயிற்று. நமது ஊர்களிற் கிடுகு வேலிக்குள் அடங்கிய வளவைக் கண்டு பழகிய நமக்கு, வேலியே அநாகரிகம் என்ற கொள்கை வியப்பைத் தரும்.

அழகு பற்றிய கருத்து விரைவிலே சட்டமாகியது. செயின்ற் லூயிஸ் நகரில் ஓரடிக்கு மேல் வளர்ந்த களைகளைத் தடைசெய்த துணைவிதி செல்லும் என மிசூரி மாநிலத்தின் உயர்நீதிமன்று 1903 இல் தீர்த்தது. உடல்நலம் காக்கும் விதி என்பது அதற்குக் கூறப்பட்ட சமாதானம். ஆயினும் களை என்பது யாது? இரண்டாம் உலகப்போர்க் கால ஆராய்ச்சியிலே பிறந்து 1945 இற் சந்தைக்கு வந்த 2,4-டி என்ற நஞ்சு, அகன்ற இலையுடைய செடிகளைக் கொன்று புல்லை மாத்திரம் விட்டுவைக்கும். அதுவரையில் மண்ணுக்குத் தழைச்சத்து ஊட்டும் நல்ல செடியெனப் புல்விதையோடு கலந்து விற்கப்பட்ட கிளோவர், அகன்ற இலையுடையதாகையால் அந்நஞ்சுக்கு இரையாகியது. ஆகவே அதுவும் களை என அழைக்கப்பட்டது. மருந்துக்கு ஏற்ப நோய் வரையறுக்கப்பட்டது போன்றது இது. இதே நஞ்சு மற்றொன்றோடு கலக்கப்பட்டு 1960களில் வியற்நாமின் காடுகள்மீது தெளிக்கப்பட்டதையும் நாம் மறத்தற்கில்லை.

போருக்குப் பின் லோங் ஐலன்ட் தீவிலே வில்லியம் லெவிற் எழுப்பிய லெவிற்றவுண் இக்கதையின் உச்சமாகும். 1947 தொடக்கம் 1951 வரை 17,447 வீடுகள் அங்கு கட்டப்பட்டன. போரிலிருந்து மீண்ட வீரர்களும் தொழிலாளரும் தமக்கென ஒரு கூரையைப் பெற்றனர். அதனை நாம் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் அவர்கள் கையொப்பமிட்ட பத்திரங்களில் நிபந்தனைகள் இருந்தன. பருவகாலத்தில் வாரத்துக்கு ஒருமுறையேனும் புல்லை வெட்டவேண்டும், வேலி அமைக்கலாகாது, துணி உலர்த்தும் கொடி கட்டலாகாது. வெட்டாதவர் வளவுக்குக் கட்டடக் கம்பனியே ஆளனுப்பி வெட்டுவித்துப் பற்றுச்சீட்டை அனுப்பியது. அதே குத்தகைப் பத்திரத்தின் 25 ஆம் வாசகம், வெள்ளையர் அல்லாதார் எவரும் அவ்வீட்டில் வசிக்க இடமளிக்கலாகாது எனப் பணித்தது. விலக்கு வீட்டுப் பணியாளருக்கு மாத்திரம்.

புல்லின் உயரமும் மனிதரின் நிறமும் ஒரே பத்திரத்தில் அடுத்தடுத்து நின்றது தற்செயலன்று. இரண்டின் நோக்கமும் வீட்டின் விலையைக் காப்பதே. இனவிலக்கு நிபந்தனைகளை நீதிமன்றுகள் செயற்படுத்தலாகாது என 1948 இல் அமெரிக்க உச்ச நீதிமன்று தீர்த்தது. லெவிற் அதன் பின்னும் கறுப்பருக்கு வீடு விற்க மறுத்தே வந்தார். பென்சில்வேனியாவில் அவர் அமைத்த மற்றொரு லெவிற்றவுணிலே, 1957 ஆகஸ்டில், வில்லியம் மயர்சும் ஆசிரியத் தொழிலைச் சேர்ந்த அவர் மனைவி டெய்சி மயர்சும் முன்னைய உரிமையாளரிடமிருந்து வாங்கிய வீட்டிற் குடிபுகுந்தனர். சீராக வெட்டப்பட்ட புற்றரைகளின்மேல் நூற்றுக்கணக்கானோர் கூடி அவ்வீட்டின்மீது கல்லெறிந்தனர். இரவுதோறும் இது தொடர்ந்தது. மாநிலப் பொலிசார் வரவேண்டியதாயிற்று. மயர்ஸ் குடும்பத்தினர் அஞ்சி ஓடவில்லை; சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர்.

போர்க்காலத்திலே இதே நாட்டு அரசு முன்வளவைக் கொத்தி மரக்கறி பயிரிடுமாறு மக்களை வேண்டியது. 1943 இல் ஏறக்குறைய 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன எனவும், நாட்டின் மரக்கறித் தேவையில் 40 வீதம் வரை அவற்றிலிருந்து கிடைத்தது எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நாட்டிலேதான் புளோரிடாவின் மயாமி ஷோர்ஸ் என்ற சிற்றூர், 2013 இல், வீட்டு முன்வளவில் மரக்கறி பயிரிடலாகாதென விதித்தது. பூ வைக்கலாம், கத்தரி வைக்கலாகாது. நீண்டகாலத் தோட்டத்தைப் பிடுங்கவேண்டிவந்த தம்பதியர் நீதிமன்றேறித் தோற்றனர். அத்தகைய உள்ளூர்த் தடைகள் செல்லாவென மாநிலச் சட்டமன்றம் 2019 இற் சட்டமியற்றிய பின்னரே அவர்கள் மீண்டும் நட்டனர். அமெரிக்காவின் புற்றரைகளின் பரப்பு ஏறக்குறைய 1,63,800 சதுர கிலோமீற்றர் எனச் செய்மதிப் படங்களைக் கொண்டு 2005 இற் கணித்துள்ளனர். நமது இலங்கைத் தீவைப்போல் இரண்டரை மடங்கு நிலம் உண்ணக்கூடிய எதையும் தராமல் நீரருந்துகிறது.

செயின்ற் லூயிஸின் அயலிலுள்ள பேர்கசன் நகரத்தின் பெயர் 2014 ஆகஸ்ட் 9 இல் உலகறிந்ததாயிற்று. வீதியின் நடுவே நடந்துசென்ற மைக்கல் பிறவுண் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை, நடைபாதையிற் செல்லுமாறு ஏவிய பொலிஸ்காரர் அடுத்து நிகழ்ந்த தகராற்றிலே சுட்டுக்கொன்றார். மறு ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் அந்நகரின் கணக்கேடுகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நகரத்தின் 2015 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், 13.26 மில்லியன் டொலர் பொது வருமானத்துள் 3.09 மில்லியன் தண்டப்பணமாகவும் நீதிமன்றக் கட்டணமாகவும் வருமென எதிர்பார்க்கப்பட்டிருந்தது. புல்லும் களையும் உயர வளர்ந்த குற்றத்துக்கு ஒருவரிடம் 531 டொலர் விதிக்கப்பட்டிருந்தது. வீதியில் முறைதவறி நடந்த குற்றத்துக்கு 302 டொலர். நடந்த முறைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டோரில் 95 வீதத்தினர் கறுப்பின மக்கள். நகரின் குடித்தொகையிலோ அவர்கள் 67 வீதம். பணம் கட்ட முடியாதவர் நீதிமன்றுக்கு வர அஞ்சினார். வராதபோது பிடியாணை பிறந்தது. பிடியாணை சிறைக்கு இட்டுச்சென்றது. புல்வெட்டும் பொறி வாங்கப் பணமில்லாத வீட்டிலிருந்து சிறைவாசல்வரை இப்படியொரு பாதை சமைக்கப்பட்டிருந்தது. அதனைத் துப்புரவாக வைத்திருக்க நகரசபை ஒருபோதும் தவறவில்லை.

துணைவிதிகள் மாற்ற இயலாதன அல்ல. கனடாவின் மொன்றியல் நகரிலே வீதியும் நடைபாதையும் ஒருங்கே நகரசபையின் பொறிகளாலும் தொழிலாளராலும் துப்புரவு செய்யப்படுகின்றன. அவ்வீதிகளினதும் நடைபாதைகளினதும் நீளம் ஏறக்குறைய 10,000 கிலோமீற்றர். இலினோய் நீதிமன்று 1878 இற் கூறியதை அங்கு வழக்கமாகவே செய்துவருகின்றனர். ரொறன்ரோவில் 1996 இல் நீதிமன்றொன்று, காட்டுச் செடிகளை வளர்த்த ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டத்தைத் தள்ளுபடி செய்தது. புல்லும் களையும் மிதமிஞ்சி வளர்தல் என்ற விதியின் சொற்கள் தெளிவற்றவை என்றும், இயற்கை பற்றிய தம் கொள்கையைத் தோட்டத்தின் வாயிலாகக் கூறுவதும் கருத்துச் சுதந்திரமே என்றும் அது கொண்டது.

அதே ரொறன்ரோவின் நடைபாதைகளின் கதை நமக்குச் சிறிது அணுக்கமானது. 1998 இல் ஆறு உள்ளூராட்சிச் சபைகள் ஒன்றிணைக்கப்பட்டு இன்றைய நகரம் உருவாகியது. 1983 இன் பின் இந்நாட்டைவிட்டுச் சென்ற தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ஸ்காபரோவும் அவற்றுள் ஒன்று. ஸ்காபரோ போன்ற புறநகர்ப் பகுதிகளில் நடைபாதைப் பனியை நகரப் பொறிகள் அகற்றிவந்தன. பழைய நகரப் பகுதியிலோ வீட்டுக்காரரே 12 மணித்தியாலத்துக்குள் அள்ளவேண்டும் என்ற விதி இருந்தது. ஒரே நகரம், ஒரே வரி, இருவேறு விதி. வீதிகள் குறுகியவை, வண்டிகள் ஓரத்தில் நிறுத்தப்படுகின்றன, பொறி நுழையாது என்பது அதிகாரிகள் கூறிவந்த காரணம். முதியோரும் சக்கர நாற்காலியிற் செல்வோரும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் இதனை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல்கொடுத்தனர். 2021 இல் நகரசபை இணங்கியது. குறுகிய நடைபாதைகளிற் செல்லக்கூடிய சிறிய பொறிகள் வாங்கப்பட்டன. ஏறக்குறைய 1,400 கிலோமீற்றர் நடைபாதை நகரத்தின் பொறுப்பில் வந்தது. அச்சிறு பொறியும் நுழையமுடியாத சில ஒழுங்கைகள் எஞ்சியுள்ளன. அங்கு பழைய விதியே இன்றும் செல்கிறது. அங்கே பனி நின்றதும் வீட்டிலுள்ளோர் சவளை எடுத்துக்கொண்டு வெளியே வருகின்றனர்.